அப்பத்தா ஆஃப் பண்ணின ஃபேன்

கரண்ட் பில் வர்ற அன்னிக்கு உங்க வீட்டுல யாருக்கு முதல் அர்ச்சனை விழும்? எங்கே, கையைத் தூக்குங்க பார்ப்போம்... தெரியும்! ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் செல்லும் கையுமா உட்கார்ந்திருக்கற நீங்கதான் ஏ-1 குற்றவாளி. 'சார்ஜரைப் பிடுங்காமலே போறான்', 'பாத்ரூம் லைட்டை அணைக்கத் தெரியலை, இவன் இன்ஜினீயர் ஆகப்போறானாம்'னு குற்றப்பத்திரிகை வாசிச்சு முடிக்கறதுக்குள்ளே கையில இருக்கற காபி ஆறிப்போயிடும்.

கவலைப்படாதீங்க பாஸ். இந்த வாரம் உங்களுக்கு ஜாமீன் வாங்கித் தர்றதா உத்தேசம். ஆனா நீங்களும் ஒரு ராத்திரி, ஒரு காலை வேலை பார்க்கணும். தேவையான ஆயுதங்கள்: ஒரு பேப்பர், ஒரு பேனா, செகண்ட் முள் ஓடற ஒரு வாட்ச். செலவு? பத்து பைசா கிடையாது.

இந்த யோசனை எனக்கு வந்ததுக்குக் காரணம் எங்க அப்பத்தா.

2023 மே மாசம். மாட்டுத்தாவணியில பஸ் ஏறி மேலூரில் இறங்கும்போது மதியம் ரெண்டு மணி. அக்னி நட்சத்திரம். ரோட்டுலயே தோசை ஊத்தலாம், சட்னி மட்டும் வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்தாப் போதும்ங்கற மாதிரி வெயில். சித்தப்பா வீட்டுக்குள்ளே நுழைஞ்சா, அப்பத்தா சுவரோரமா முந்தானையால விசிறிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. தலைக்கு மேலே ஃபேன் சும்மா தொங்குது. கரண்ட் கட் போலன்னு நினைச்சு சுவிட்சைத் தட்டினேன். ஜம்முன்னு சுத்துது!

"என்ன அப்பத்தா... கரண்ட் இருக்கே. ஏன் இப்படி வேர்த்து வழிய உக்காந்திருக்க?"

"அணைச்சுப்புடு அப்பு. போன தடவை பில்லு ரெண்டாயிரத்துச் சொச்சம் வந்துருச்சுன்னு ஒங்க சித்தப்பன் கெடந்து பொலம்புறான். மத்தவுக எல்லாம் வேலைக்குப் போறாக, பள்ளிக்கூடம் போறாக. பகல் பூராம் வீட்டுல கெடக்குறது நாந்தேன். அப்ப நாந்தேன கரண்டத் திங்கிறேன்?"

சித்தப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லலைங்க. அவர் பொதுவா புலம்பினதை, தனக்குத்தான்னு அப்பத்தாவா எடுத்து வச்சுக்கிச்சு. பிரஷர் மாத்திரை சாப்பிடற உடம்பு. அந்தக் கான்கிரீட் கூரைக்குக் கீழே, அந்த வெயில்ல, பத்து நாளா இதே மாதிரியாம். ராத்திரி எல்லாரும் வந்ததும் ஃபேனைப் போட்டுடுவாங்க, அதனால யாருக்கும் தெரியவே இல்லை.

'அதெல்லாம் ஒண்ணும் இல்ல, போட்டுக்க'ன்னு சொன்னா கேட்கற ஆள் இல்லை எங்க அப்பத்தா. ஆனா கணக்கைக் காட்டினா கேட்கும். பால் கணக்கை இன்னமும் கரிக்கட்டையில சுவத்துல கோடு போட்டு வைக்கற ஆளு. சரி, கணக்கே காட்டிடுவோம்னு அன்னிக்கு ராத்திரியே அந்த வீட்டுக்கு ஆடிட் பண்றதுன்னு முடிவு பண்ணேன்.

எனர்ஜி ஆடிட்னா ஏதோ பெரிய விஷயம்னு மிரண்டுடாதீங்க. உள்ளே வர்ற கரண்ட் எந்தெந்த வழியா போகுது, அதுல எவ்வளவு யாருக்கும் உபயோகம் இல்லாமப் போகுதுன்னு தேடிப் பிடிக்கறது, அவ்வளவுதான். 2001-ல் வந்த எரிசக்தி சேமிப்புச் சட்டப்படி சிமென்ட், இரும்பு, ஜவுளின்னு கரண்டை மொத்தமா இழுக்கற ஆலைகளுக்கு இது கட்டாயமாகவே உண்டு. அந்தச் சட்டத்தால 2002-ல் பிறந்ததுதான் பி.இ.இ. உங்க ஃப்ரிட்ஜ் மேலே ஸ்டார் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே, அந்த ஸ்டாருக்குச் சொந்தக்காரங்க இவங்கதான். ஆலைக்குச் செய்யறதை வீட்டுக்குச் செய்யக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே!

முதல் வேலை, மீட்டர் பெட்டியில செருகியிருக்கற இ.பி. கார்டை எடுங்க. கார்டு இல்லாட்டி பழைய பில் மெசேஜைத் தேடுங்க. சித்தப்பா வீட்டு ஏப்ரல் கணக்கு 538 யூனிட். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கு. நம்ம தமிழ்நாட்டுல வீட்டுக் கணக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம், இது 2016-ல் இருந்து. அப்புறம் படிப்படியா ரேட் ஏறும். 2022 செப்டம்பர்ல வந்த கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆச்சுன்னு வைங்க, 1,958 ரூபாய்! ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாயான்னு அலறாதீங்க. 500-ஐத் தாண்டினா கடைசி யூனிட்டுக்கு மட்டும் இல்ல, கீழே 101-ல் இருந்து 200 வரைக்கும் இருந்த 2 ரூபாய் 25 காசு ரேட்டும் பறிபோய் 4 ரூபாய் 50 காசு ஆயிடும். அதான் விஷயம்.

சித்தப்பாவோட 538 யூனிட்டுக்கு 2,254 ரூபாய். அதாவது, 500-க்கு மேலே போன அந்த 38 யூனிட்டுக்கு மட்டும் 529 ரூபாய். யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 14 ரூபாய் விழுது! 2024 ஜூலையில ரேட் இன்னும் கொஞ்சம் ஏறிடுச்சு. ஆனா படிக்கட்டு அதே படிக்கட்டுதான். ஆக, எங்க டார்கெட் சிம்பிள். வீட்டையே இருட்டாக்க வேணாம், யாரும் வேர்த்து வழிய வேணாம். ஒரு நாப்பது யூனிட்டைப் பிடிச்சாப் போதும்.

ராத்திரி பத்தரை மணி. சீரியல் முடிஞ்சுது. எல்லா லைட், ஃபேன், டி.வி. எல்லாத்தையும் அணைக்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜ் பிளக்கையும் கழட்டியாச்சு. "எதுக்குடா இந்தக் கூத்து?"ன்னு சித்தி கேட்க, பசங்க ரெண்டு பேரும் டார்ச்சோட என் பின்னாடியே வர, மீட்டர் பெட்டிக்கு முன்னாடி போய் நின்னேன்.

இப்போ எல்லார் வீட்டுலயும் சக்கரம் சுத்தாத எலெக்ட்ரானிக் மீட்டர்தானே. அதுல ஒரு குட்டி சிவப்பு லைட் மின்னிக்கிட்டே இருக்கும். அதுக்குப் பக்கத்துல ஒரு கிலோவாட் மணிக்கு இத்தனை இம்பல்ஸ்னு ஒரு நம்பர் போட்டிருக்கும். சித்தப்பா வீட்டு மீட்டர்ல 3200. அப்படின்னா அந்த லைட் 3200 தடவை மின்னினா ஒரு யூனிட். இப்போ ஒரு சின்னக் கணக்கு: 60,000-ஐ அந்த நம்பரால வகுங்க. 3200-னா விடை 18.75. நிமிஷத்துக்கு ஒரு தடவை மின்னினா, அந்த நேரத்துல வீடு 18.75 வாட் இழுக்குதுன்னு அர்த்தம். நாலு தடவை மின்னினா 75 வாட்... ஒரு சாதாரண சீலிங் ஃபேன். உங்க மீட்டர்ல 1600-ன்னு இருந்தா ஒவ்வொரு மின்னலுக்கும் 37.5 வாட். எட்டாங்கிளாஸ் கணக்குதான், பயப்படாதீங்க.

(மீட்டரைப் பார்க்கலாம், எண்ணலாம். சீலைத் தொடறது, மூடியைக் கழட்டறது எல்லாம் கூடவே கூடாது. அது சட்டப்படியும் தப்பு, உசுருக்கும் ஆபத்து.)

எல்லாத்தையும் அணைச்ச அந்த வீட்டுல சிவப்பு லைட் அணைஞ்சு கிடக்கணுமா இல்லையா? மின்னுச்சு! இருபது செகண்ட் கழிச்சு மறுபடியும் மின்னுச்சு. அஞ்சு நிமிஷம் பொறுமையா எண்ணினோம். பதினஞ்சு. நிமிஷத்துக்கு மூணு. அதாவது 56 வாட். யாருமே எதையுமே உபயோகிக்காதபோது, வீடு தூங்கும்போது, ஊருக்கே போயிருக்கும்போது 56 வாட். ஒரு நாளைக்கு 24 மணி நேரம், ரெண்டு மாசத்துக்கு 60 நாள்... பெருக்கிப் பார்த்தா 81 யூனிட். அரசாங்கம் குடுக்கற இலவச 100 யூனிட்டுல முக்கால்வாசிக்கு மேலே யாருக்கும் தெரியாம ஒருத்தன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கான்!

யார் அந்தத் திருடன்? முதல் சந்தேகம் வழக்கம்போல செல்போன் சார்ஜர் மேலே. பிளக்ல இருந்த மூணு சார்ஜரையும் பிடுங்கினோம். எண்ணிக்கை துளிகூடக் குறையலை. போன் மாட்டாத இந்தக் காலத்துச் சார்ஜர் இழுக்கறது அரை வாட்டுக்கும் கம்மி. ஆக மக்களே, நீங்க நிரபராதி. இந்தப் பாராவைக் கத்தரிச்சு வீட்டுச் சுவத்துல ஒட்டி வச்சுக்கங்க.

அடுத்து செட்-டாப் பாக்ஸ். ரிமோட்டால அணைச்சா அது தூங்கிடுச்சுன்னு நினைக்கறோம். சும்மா கண்ணை மூடிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். தொட்டுப் பாருங்க, சுடும். நிறைய பாக்ஸ்கள் அணைச்சாலும் ஆன்ல இருக்கற அளவுக்கே கிட்டத்தட்ட கரண்ட் இழுக்கும். சுவர் சுவிட்சை அணைச்சதும் 12 வாட் போல குறைஞ்சுது. இந்த மாதிரி தூங்கற மாதிரி நடிக்கற சாமான்களை ஒரு வாட்டுக்குள்ளே அடக்கணும்னு சர்வதேச எரிசக்தி அமைப்பு 1999-லேயே உலக நாடுகளுக்குச் சொல்லிடுச்சு. அப்போ நம்ம வீடுகள்ல செட்-டாப் பாக்ஸே கிடையாது, ஆன்டெனாவைத் திருப்பிக்கிட்டு இருந்தோம்!

ஆனா பெரிய முதலை அது இல்லை. மாடிப்படிக்குக் கீழே, பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னாடி, மெல்லமா 'ம்ம்ம்'னு ஒரு சத்தம். இன்வெர்ட்டர்!

அதுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. 2012 ஞாபகம் இருக்கா? அப்போ நீங்க ஸ்கூல்ல இருந்திருப்பீங்க. சென்னையைத் தாண்டினா நம்ம பக்கமெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலே கரண்ட் இல்லாமக் கிடந்த வருஷம். ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் இருக்காது. பரீட்சைக்குப் படிக்கற பசங்க மெழுகுவத்தியோட மல்லுக்கட்டினாங்க. நகையை அடகு வச்சாவது இன்வெர்ட்டர் வாங்கின குடும்பங்கள் மேலூர்ல மட்டும் இல்ல, தமிழ்நாடு முழுக்க உண்டு. சித்தப்பாவும் அப்படித்தான் வாங்கினார். அப்புறம் பவர்கட் குறைஞ்சுது. இன்வெர்ட்டரை எல்லாரும் மறந்துட்டாங்க. பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊத்தினது எப்போன்னு கேட்டேன். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கறாங்க. மெயினை அணைச்சுப் பார்த்தா ரெண்டே நிமிஷத்துல 'கீய்ங்'னு கத்திட்டு நின்னுடுச்சு. பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. ஆனா அது செத்தது இன்வெர்ட்டருக்குத் தெரியாது பாருங்க, நிரம்பவே நிரம்பாத அந்தப் பேட்டரிக்கு ராத்திரி பகலா கரண்டை ஊட்டிக்கிட்டே இருக்கு.

அதைக் கழட்டினதும் நிமிஷத்துக்கு ரெண்டு மின்னல் காணாமப் போச்சு. 37 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். எங்க டார்கெட் நாப்பது இல்லையா? ஒரே அமுக்கு, முடிஞ்சுது! மறுநாள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு இன்வெர்ட்டர் லைனை முறைப்படி பைபாஸ் பண்ணச் சொன்னார் சித்தப்பா. நல்லா இருக்கற இன்வெர்ட்டரை இப்படிக் கழட்டிப் போடாதீங்க, சார்ஜ் இல்லாமக் கிடந்தா பேட்டரி கெட்டுடும். தண்ணி அளவு பார்த்து ஊத்தி ஒழுங்கா வச்சிருந்தா அது இழுக்கறதும் கம்மிதான். நான் சொல்றது செத்த பேட்டரிக்குத் திதி கொடுக்காம வச்சிருக்கறவங்களுக்கு.

இன்னொண்ணு. எல்லா பிளக்கையும் பிடுங்கின பிறகும் லைட் மின்னினாலோ, மீட்டர்ல எர்த் அடையாள லைட் எரிஞ்சாலோ, அது சாமான் பிரச்னை இல்லை. வயரிங்ல எங்கேயோ கரண்ட் கசியுது. லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை உடனே கூப்பிடுங்க. இதுல சிக்கனம் பார்க்க வேணாம்.

மறுநாள் காலைல ஆறு மணிக்கு மோட்டார் சத்தத்துல முழிப்பு வந்துச்சு. இதுதான் நான் எதிர்பார்க்காத இடம். நம்ம ஊருக்கு வர்ற பெரியாறு தண்ணியோட பயணத்தைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. முல்லைப்பெரியாறு அணையில இருந்து மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா இந்தப் பக்கம் வந்து, பெரும்பகுதி குழாய்ல இறங்கி, லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல டர்பைனைச் சுத்தி கரண்ட் எடுத்துக் கொடுத்துட்டு, வைகை அணைக்கு வந்து, பேரணையில இருந்து பெரியாறு பிரதான கால்வாய்ல ஓடி வருது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதுக்குக் கீழே மேலூர்ப் பக்கம் நமக்கு ஒருபோகம். கரண்டைக் கொடுத்துட்டு வர்ற தண்ணி அது. வீட்டுக்கோ, கல்லைத் துளைச்சு போர் போட்டு, கரண்டைக் கொடுத்துத் தண்ணி எடுக்கறோம். மேலூர்ல பூமிக்கு அடியில பாறை எவ்வளவு இருக்குன்னு நான் சொல்லியா தெரியணும்? கிரானைட் குவாரிகள் பத்தி ஊரே உலகமே பேசின வருஷமும் அதே 2012தான்.

மோட்டார் மட்டும் ஓடும்போது மீட்டரை எண்ணினேன். நிமிஷத்துக்கு 60 மின்னல். 1,125 வாட். பதினஞ்சு ஃபேன் ஒண்ணா ஓடற மாதிரி! தொட்டி நிறைய எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டா, "ஒரு மணி நேரம் போடுவோம்"னு சித்தி சொன்னாங்க. எதுக்கும் இருக்கட்டும்னு சித்தப்பா பையனை மாடிக்கு ஏத்தி விட்டேன். நாப்பதாவது நிமிஷம் மேல இருந்து குரல்: "அண்ணே... ரொம்பிருச்சு!" சித்தி அப்போ அடுப்படியில பசங்களுக்கு டிபன் கட்டிக்கிட்டு இருந்தாங்க. தினமும் அந்த நேரத்துல அங்கேதான் இருப்பாங்க. மீதி இருபது நிமிஷமும் தண்ணி ஓவர்ஃப்ளோ குழாய் வழியா பின்பக்கம் வழிஞ்சு ஓடுது. வாழை மரம் ரெண்டு கொழுத்துக் கிடந்த ரகசியம் இப்போதான் புரியுது.

தினம் இருபது நிமிஷம், அறுபது நாள்னா இருபது மணி நேரம். 1,125 வாட்டால பெருக்குங்க. 22.5 யூனிட்.

இப்போ அப்பத்தா ஃபேன் கணக்குக்கு வாங்க. காலைல பதினொரு மணியில இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும் அஞ்சு மணி நேரம். 75 வாட். ஒரு நாளைக்கு முக்கால் யூனிட்டுல பாதி. அறுபது நாளைக்கு எவ்வளவு தெரியுமா? அதே 22.5 யூனிட்! புள்ளி பிசகலை. ரெண்டு மாச மதியக் காத்து அத்தனையும் மாடித் தொட்டியில இருந்து வழிஞ்சு வாழை மரத்துக்குப் போயிருக்கு. அந்த 500-க்கு மேலே இருக்கற 8 ரூபாய் ரேட்டையே போட்டாலும் அப்பத்தா அந்த வேர்வையில மிச்சம் பண்ணினது நாளைக்கு 3 ரூபாய்.

கரிக்கட்டையை எடுத்துச் சுவத்துல போட்டுக் காட்டினேன். ஒரு பக்கம் ஃபேன், ஒரு பக்கம் தொட்டி. அப்பத்தா ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. "அப்ப நான் திங்கலயா?"ன்னு கேட்டுச்சு. சித்தப்பா ஒண்ணும் பேசலை. எழுந்து போய் ஃபேன் சுவிட்சைப் போட்டுட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே போயிட்டார்.

மத்ததெல்லாம் சில்லறை. ஆனா சில்லறையும் சேர்ந்தாத்தானே நோட்டு, அதனால வேகமா ஓட்டிடறேன். சாமி படத்துக்கு முன்னாடி எரியற 'ஜீரோ வாட்' பல்பு இருக்கே, அதைவிடப் பெரிய பொய்ப் பேர் உலகத்துல கிடையாது. அது சுமார் 15 வாட் இழுக்கும்! ராத்திரி பகலா எரிஞ்சா ரெண்டு மாசத்துக்கு 21 யூனிட்டுக்கு மேலே. அரை வாட் எல்.இ.டி. மாட்டினா சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது. பழைய சோக் வச்ச டியூப் லைட், சோக்கோட சேர்த்து 50 வாட்டுக்கு மேலே போகும். 20 வாட் எல்.இ.டி. பட்டன் அதே வெளிச்சம் தருது. ஃப்ரிட்ஜை ஒரு நிமிஷத்துல எண்ணி எடை போட முடியாது, கம்ப்ரசர் ஓடும், நிக்கும். அதுக்குப் பத்து ரூபாய் நோட்டுதான் டெஸ்ட். நோட்டைக் கதவுல வச்சு மூடி, இழுங்க. சுலபமா உருவிக்கிட்டு வந்தா கதவோட ரப்பர் போச்சு. ரப்பரை மட்டும் மாத்திக்கலாம். சுவரோட ஒட்டி வச்சிருந்தா அரையடி முன்னாடி இழுங்க, பாவம், பின்னாடி அதுக்கும் மூச்சு விடணும். ஏ.சி. இருக்கறவங்களுக்கு ஒரே வரி: 24-ல வைங்க. 2020-ல் இருந்து புது ஏ.சி. எல்லாம் ஆன் பண்ணினா தானாகவே 24-ல நிக்கணும்னு விதியே இருக்கு. ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம்னு பி.இ.இ. சொல்லுது.

ஃபேன் விஷயம் மட்டும் கொஞ்சம் நின்னு பேசணும். செங்கல் மாதிரி பெட்டியா, திருகினா 'டக் டக்'னு சத்தம் போடற பழைய ரெகுலேட்டர் உங்க வீட்டுல இருந்தா, அது ஃபேனைக் குறைக்கும், கரண்டைப் பெருசாக் குறைக்காது. மிச்சத்தைத் தானே சூடாக்கிக்கும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மாத்தினா ஸ்பீடைக் குறைக்கும்போது நிஜமாவே கரண்டும் குறையும். பி.எல்.டி.சி. ஃபேன்னு இப்போ கடையில் சொல்றாங்களே, அது 30 வாட் அளவுலதான் ஓடும். தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓடற ஹால் ஃபேனை மாத்தினா ரெண்டு மாசத்துக்கு 32 யூனிட் மிச்சம். விலை 3,000 ரூபாய் பக்கம் வரும். அதனால எல்லா ஃபேனையும் தூக்கிப் போடாதீங்க. அதிக நேரம் ஓடற ஒண்ணை முதல்ல மாத்துங்க. கெஸ்ட் வந்தா மட்டும் ஓடற ஃபேனை மாத்தினா பேரன் காலத்துலதான் காசு திரும்பும். 2023 ஜனவரியில இருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் ஸ்டிக்கர் கட்டாயம். பார்த்து வாங்குங்க.

ஒரு விஷயம் எனக்கு எப்பவும் வேடிக்கையா இருக்கும். 1973-ல் பெட்ரோல் விலை ஏறினபோதுதான் அமெரிக்கா, ஐரோப்பாவுல வீட்டு ஆடிட் பத்தி மும்முரமா யோசிச்சாங்க. அங்கே வாசக் கதவுல ஒரு பெரிய ஃபேனைப் பொருத்தி, வீட்டுக் காத்தை வெளியே இழுத்து, எந்தச் சந்து வழியா குளிர் உள்ளே வருதுன்னு தேடுவாங்க. காசு கொடுத்து உண்டாக்கின சூடு வெளியே போயிடக் கூடாதாம்! நமக்கோ இலவசமாக் கிடைக்கற சூடு உள்ளே வரக் கூடாது. அவங்க புத்தகத்தை அப்படியே படிச்சுட்டு ஜன்னல் சந்தையெல்லாம் அடைச்சீங்கன்னா வெந்துடுவீங்க.

நம்ம வீட்டுல சூடு வர்ற வழி தலைக்கு மேலே இருக்கு. மதியம் மூணு மணிக்கு மாடிக்குப் போய் வெறும் தளத்துல கை வச்சுப் பாருங்க, அஞ்சு செகண்ட் தாங்காது. அந்தச் சூட்டை கான்கிரீட் பத்திரமா வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி பூரா நமக்குப் பரிமாறும். "பழைய ஓட்டு வீட்டுல ஃபேனே கெடையாது அப்பு, திண்ணையில படுத்தா விடியத்தேன் முழிப்பு"ன்னு அப்பத்தா சொன்னது சும்மா பெருமைக்கு இல்லை. ஓட்டுச் சந்து வழியா சூட்டுக் காத்து மேலே போயிடும். கான்கிரீட்ல அதுக்கு வழியே கிடையாது. மலிவான வைத்தியம் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைச்சு, பசை கலந்து, தளத்தை நல்லாப் பெருக்கிக் கழுவிட்டு ரெண்டு கை அடிக்கணும். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிடும். மழைக்குக் கரையும், அதனால வருஷா வருஷம் பங்குனியில அடிக்கணும். எங்க சித்தப்பா பசங்களும் நானும் ஒரே நாள்ல அடிச்சு முடிச்சோம். கண்ணு கூசும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கங்க. ஸ்டைலுக்கு ஸ்டைலும் ஆச்சு!

உங்க வீட்டை முடிச்சாச்சா? அடுத்து பக்கத்து வீடு. குறிப்பா, தனியா இருக்கற பெரியவங்க வீடு. அவங்கதான் ஃபேனை அணைச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க, கேட்டா 'காத்து நல்லாத்தானே வருது'ம்பாங்க. நீங்க என்.எஸ்.எஸ்.ல இருந்தா கேம்ப் போற கிராமத்துல மரம் நடறதோட பத்து வீட்டு மீட்டரையும் எண்ணிட்டு வாங்களேன். டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அன்னிக்குக் காலேஜ்ல ஸ்லோகன் போட்டி வைக்கறதுக்குப் பதிலா, ராத்திரி ஹாஸ்டல் மீட்டரை எண்ணச் சொல்லி உங்க பிசிக்ஸ் சாரைக் கேட்டுப் பாருங்க. இது பிடிச்சுப் போச்சுன்னா தொழிலாவும் பண்ணலாம். இன்ஜினீயரிங் முடிச்சு, சில வருஷ அனுபவத்தோட பி.இ.இ.யோட தேசியத் தேர்வு எழுதினா சான்று பெற்ற எனர்ஜி ஆடிட்டர். ஆலைகளுக்கு இந்த ஆளுங்க அவசியம் வேணும்.

முக்கியமான ஒண்ணு: ரிசல்ட் பார்க்கும்போது போன பில்லோட ஒப்பிடாதீங்க. போன வருஷம் இதே மாசத்து பில்லோட ஒப்பிடுங்க. வெயில் குறைஞ்சதை எல்லாம் நம்ம சாதனைன்னு காலரைத் தூக்கிவிட்டா அடுத்த சித்திரையில மானம் போயிடும்.

சித்தப்பா வீட்டு ஆகஸ்ட் கணக்கு 462 யூனிட். பில் 1,497 ரூபாய். அப்பத்தா ஃபேன் மதியம் பூரா ஓடினதும் சேர்த்துத்தான். போன் பண்ணி, "ஃபேன் போடுறியா, இல்ல மறுபடியும் அணைச்சுட்டு உக்காந்திருக்கியா?"ன்னு கேட்டேன்.

"ஓடுது, ஓடுது. மூணுல வச்சிருக்கேன். அத விடு, போன வையி அப்பு. தொட்டி ரொம்புற நேரம், ஒங்க சித்தி அடுப்படியில நிக்கிறா. நாந்தேன் போயி மோட்டர அணைக்கணும்."